காத்யாயனியின் பங்கு

பிருஹதாரண்யக உபநிஷதத்தில் ஒரே உரையாடல் சிறு வேறுபாடுகளுடன் இரண்டு முறை வருகிறது. இரண்டாம் அத்தியாயத்தில் ஒருமுறை, நான்காம் அத்தியாயத்தில் மற்றொருமுறை. யாக்ஞவல்க்ய மகரிஷி இல்லறத்தைத் துறந்து புறப்படும் வேளை அது. செல்வத்தால் மரணமிலாப் பெருநிலை கிட்டுமா என்று அவருடைய மனைவி மைத்ரேயி கேட்கிறாள். அந்த ஒரு வினாவிலிருந்து வேதாந்தத்தின் மிக உயர்ந்த உபதேசங்களுள் ஒன்று பிறக்கிறது. சொற்பொழிவாளர்களாகிய நாங்கள் அந்த வினாவை அடைவதற்கு எப்போதும் அவசரப்படுகிறோம். ஆகவே அதற்கு முந்தைய வாக்கியத்தை யாரும் நின்று கவனிப்பதில்லை. மகரிஷி மைத்ரேயியை எதற்காக அழைத்தார்? பிரம்மவித்தையைப் போதிப்பதற்காக அல்ல. தமக்கு இரு மனைவியர். தாம் போகுமுன் மைத்ரேயிக்கும் காத்யாயனிக்கும் இடையே சொத்தைப் பங்கிட்டு ஒழுங்கு செய்துவிட வேண்டும் என்பதற்காகவே அழைத்தார்.

அவர் ஏழையும் அல்லர். ஜனக மன்னரின் சபையில், கொம்புகளில் பொன் கட்டிய ஆயிரம் பசுக்களைத் தம் சீடனைக் கொண்டு ஓட்டிச் சென்றவர் அவர். ஆத்மாவைத் தவிர வேறொன்றும் உண்மையல்ல என்று உணர்ந்த ஞானிக்கு, தாம் விட்டுச்செல்லும் பசுக்களை யார் ஓட்டிப் போனால் என்ன? மாயை என்று சொல்லிவிட்டு நடந்திருக்கலாமே! அவர் அவ்வாறு செய்யவில்லை. காத்யாயனியைப் பற்றி உபநிஷதம் கூறுவது மிகக் குறைவு. இல்லத்துப் பெண்களுக்குரிய உலகியல் அறிவு உடையவள் என்ற அளவோடு நின்றுவிடுகிறது. அவள் எதையும் கேட்கவில்லை. ஆனால் அவள் நாளை உண்ண வேண்டும், உறைய வேண்டும். கேட்காதவளின் பங்கையும் நினைவில் வைத்தவராகவே மகரிஷி புறப்படுகிறார்.

செகந்திராபாத்தை அடுத்த லாலாகுடாவில் வாழும் தமிழ் அன்பர்களிடையே இந்தப் பகுதியைப் பற்றிப் பேச நேர்ந்தது. அங்கே கூறியவற்றைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன்.

லாலாகுடா ரயில்வேயால் வளர்ந்த இடம். நிஜாமின் ரயில்வே 1893-இல் அங்கே பணிமனை அமைத்தது. 1966-இல் தென்மத்திய ரயில்வே உருவானபின் அது அதன் பணிமனையாயிற்று. தலைமுறை தலைமுறையாகத் தமிழகத்திலிருந்து ரயில்வே வேலைக்கென்று வந்து செகந்திராபாத்தையே ஊராக்கிக் கொண்ட குடும்பங்கள் அங்கே பல. வேலையில் இருக்கும்வரை வீட்டைப் பற்றிய கவலை அவர்களுக்கு இருப்பதில்லை, குவார்ட்டர்ஸ் ரயில்வேயுடையது. ஓய்வு பெறும்போது வரும் செட்டில்மெண்ட் தொகையைக் கொண்டு மல்காஜ்கிரியிலோ மௌலாலியிலோ ஒரு வீடு வாங்குகிறார்கள். சொந்த ஊரில் பாகம் பிரிக்கப்படாத கொஞ்சம் நிலம் இருக்கும். வங்கியில் வைப்புத்தொகை, அம்மாவின் நகை, ஓர் இன்ஷூரன்ஸ் பாலிசி. மகன் அமெரிக்காவில், மகள் சென்னையில். இவ்வளவும் யாருக்கு, எப்படி என்று எழுதி வைத்தவர்களைத் தேடினால் மிகச் சிலரே அகப்படுவார்கள்.

பணிமனையில் பழுதுபார்க்கப்பட்டு வெளியே செல்லும் ஒவ்வொரு ரயில் பெட்டியின் மீதும், பழுதுபார்த்த தேதியும் அது மீண்டும் பணிமனைக்குத் திரும்பவேண்டிய காலமும் எழுதப்பட்டிருக்கும். பல்லாண்டுகள் பெட்டிகளுக்குத் திரும்பும் தேதி எழுதிய கைகளே தமக்கென்று ஒரு வரி எழுதத் தயங்குகின்றன. பெட்டிக்குத் தேதி தெரியும், நமக்குத் தெரியாது என்பதுதான் வேறுபாடு. அந்த வேறுபாடு அவசரத்தை அதிகரிக்க வேண்டுமே தவிரக் குறைக்கக் கூடாது.

தயக்கத்திற்கு முதற்காரணம் அச்சம். உயில் என்ற சொல்லை வீட்டில் உச்சரித்தாலே அபசகுனம் என்கிறார்கள். தமிழில் இதற்கு மரண சாசனம் என்று இன்னொரு பெயர் இருப்பது வேறு அச்சத்தைக் கூட்டுகிறது. தெலுங்கில் வீலுநாமா என்பார்கள். கேட்பதற்குச் சற்று மென்மையாக இருக்கிறது. நாள்தோறும் ஆத்மா அழியாதது என்று பாராயணம் செய்யும் நாம், உடல் அழியும் என்பதைக் காகிதத்தில் ஒப்புக்கொள்ள மறுப்பது விந்தையே.

இதற்கு நேர்மாறான மறுப்பும் உண்டு. அது வேதாந்தம் கேட்டவர்களிடமிருந்து வருவது. சொத்தைப் பற்றி இறுதிவரை எண்ணிக்கொண்டிருப்பது பற்று அல்லவா, இறைவன் பார்த்துக்கொள்வான் என்று விட்டுவிடுவதன்றோ சரணாகதி என்று கேட்கிறார்கள். நன்றாகத் தோன்றும் வாதம் இது. இதற்கு விடை சந்நியாச முறையிலேயே இருக்கிறது. சந்நியாசம் ஏற்பவன் விரஜா ஹோமத்திற்குமுன் தனக்குத் தானே சிராத்தம் செய்துகொள்கிறான். தன் உலகியல் உரிமைகள் அனைத்தையும் உயிரோடிருக்கும்போதே கைகழுவுகிறான். இந்து சட்டமும் இதை ஏற்று, சந்நியாசம் பெறுவதை ஒருவகை மரணமாகவே கருதுகிறது. அவனுடைய பழைய சொத்து வாரிசுகளைச் சேர்ந்துவிடுகிறது. அதாவது துறவிக்கே கணக்கு முடிக்காமல் துறவு இல்லை. இல்லறத்தான் உயில் எழுதும்போது இதே செயலைச் சிறிய அளவில் செய்கிறான்: இந்த வீடு என்னுடையது என்ற எண்ணத்திற்கு ஒரு முடிவுத் தேதி இட்டு, இனி இது இன்னாருடையது என்று தன் கையாலேயே எழுதுகிறான். அப்படி எழுத முடியாமல் பேனா நிற்கும் இடத்தில்தான் பற்று இருக்கிறது. விட்டுவிட்டேன் என்று வாயால் சொல்லிக்கொண்டு ஒழுங்கு செய்யாமல் போவது தன் சுமையை மனைவியின் தோளில் ஏற்றுவதாகும். அதற்குச் சரணாகதி என்று பெயரிடுவதை என்னால் ஏற்க இயலவில்லை.

சுவாமி விவேகானந்தரின் இளமையை நாம் அறிவோம். அவருடைய தந்தை விசுவநாத தத்தர் கல்கத்தா உயர்நீதிமன்றத்தில் அட்டர்னி; பிறருடைய பத்திரங்களைக் கையாள்வதே தொழில். தாராள மனம், வரவை மிஞ்சிய செலவு. 1884-இல் அவர் திடீரென்று காலமானபோது கடன்காரர்கள் வாசலில் நின்றார்கள். குடும்ப வீட்டின் பொருட்டு உறவினருடன் வழக்கு மூண்டு உயர்நீதிமன்றம் வரை சென்றது. நரேந்திரர் வெறுங்காலுடன் வெயிலில் வேலை தேடி அலைந்தார். தாயைப் பற்றிய கவலை சுவாமிஜியைத் துறவு வாழ்விலும் விட்டு நீங்கவில்லை. கேத்ரி மன்னர் அஜித் சிங்கிடம் தாய்க்காக உதவி கேட்டு அவர் எழுதியதைப் படிக்கும்போது, உலகையே வென்ற அந்தக் கை எதை எழுத நேர்ந்தது என்று நெஞ்சம் கனக்கிறது.

இப்போது எழுதி வைக்காவிட்டால் என்ன நேரும் என்பதைப் பார்ப்போம். சட்டம் சும்மா இருப்பதில்லை. நாம் எழுதாத உயிலை அது எழுதுகிறது. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயிலின்றி இறக்கும் ஆணின் சொத்து அவர் மனைவி, மகன்கள், மகள்கள், தாய் ஆகியோருக்குச் சமபங்காகச் செல்லும். தந்தை இந்த முதல் வரிசையில் இல்லை. வீடு முழுவதும் மனைவிக்கே என்று கணவர் மனத்தில் நினைத்திருந்தாலும், சட்டத்திற்கு மனத்தில் நினைத்தது தெரியாது.

பெண்ணின் சொத்தில் சட்டத்தின் போக்கு இன்னும் கவனிக்கத் தக்கது. உச்சநீதிமன்றம் 2009 மே மாதம் தீர்ப்பளித்த ஒரு வழக்கைச் சொல்கிறேன். 1955-இல் ஒரு சிறுபெண்ணுக்குத் திருமணம் நடந்தது. மூன்று மாதங்களுக்குள் கணவர் பாம்பு தீண்டி இறந்தார். புகுந்த வீட்டார் அவளை வெளியேற்றினர். பெற்றோர் ஏற்றுக்கொண்டு படிக்க வைத்தனர். அவள் வேலைக்குச் சென்றாள், சம்பாதித்தாள், சேமித்தாள். 1996-இல் உயில் எழுதாமல் இறந்தாள். வங்கியிலும் வருங்கால வைப்பு நிதியிலும் அவளுடைய உழைப்பு பணமாகக் கிடந்தது. அவளை வளர்த்து ஆளாக்கிய தாய் அப்போதும் உயிருடன் இருந்தார். அவர் தமக்கு உரிமை கோரினார். இறந்துபோன கணவருடைய சகோதரியின் மக்களும் கோரினர். குழந்தையும் கணவரும் இல்லாத இந்துப் பெண்ணின் சுயசம்பாத்தியம் முதலில் கணவரின் வாரிசுகளுக்கே செல்லும், அதன் பின்னரே பெற்றோருக்கு என்பது சட்டத்தின் பதினைந்தாம் பிரிவு. பெற்றோரிடமிருந்து வாரிசாக அடைந்த சொத்துக்கு மட்டுமே விலக்கு உண்டு. பரிவு ஒருபுறம் இருக்க, சட்டத்தின் சொற்கள் தெளிவாக உள்ளன என்று கூறி நீதிமன்றம் கணவரின் உறவினருக்கே தீர்ப்பளித்தது. நாற்பத்தொரு ஆண்டுகள் துணைநின்ற தாய்க்கு ஒன்றுமில்லை. அந்தப் பெண்மணி ஒரு வெள்ளைத் தாளில் நான்கு வரி எழுதி, இருவர் சாட்சிக் கையெழுத்திட்டிருந்தால் வழக்கின் முடிவே மாறியிருக்கும்.

இந்தப் பிரிவை எதிர்த்து வந்த ஒரு மனுவில், 2025 நவம்பரில், பெண்கள் அனைவரும், குறிப்பாக இத்தகைய நிலையில் உள்ள இந்துப் பெண்கள், உடனே உயில் எழுதிவைக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றமே வேண்டுகோள் விடுத்தது. நம் அன்பர்களுள் ஆசிரியைகளாகவும் செவிலியராகவும் அலுவலர்களாகவும் வாழ்நாளெல்லாம் உழைத்து, தனியே வாழ்ந்துவரும் தாய்மார் பலர். இந்தக் கட்டுரை வேறு யாருக்கும் பயன்படாவிட்டாலும் அவர்களுக்குப் பயன்பட வேண்டும்.

நாமினி போட்டிருக்கிறோமே, அது போதாதா என்ற கேள்வி லாலாகுடாவிலும் எழுந்தது. ரயில்வேக்காரர்களுக்கு நாமினேஷன் படிவம் நன்கு பழகிய ஒன்று. பொதுவிதி, நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் கை, உரிமையாளர் அல்லர் என்பதே. இன்ஷூரன்ஸ் தொகை பற்றி 1983-லும், பங்குகள் பற்றி 2023-லும் உச்சநீதிமன்றம் இதைத் தெளிவாக்கியுள்ளது. பெற்றோர், கணவன் அல்லது மனைவி, மக்கள் ஆகியோரை இன்ஷூரன்ஸ் பாலிசியில் நாமினியாகக் குறித்திருந்தால் தொகை அவர்களுக்கே உரியதாகும் என்று 2015-இல் ஒரு திருத்தம் வந்தது. ஆனால் வங்கிக் கணக்கிற்கு அண்ணன் மகனை நாமினியாகப் போட்டுவிட்டு, அவனுக்கே அது சொந்தம் என்று எண்ணியிருப்பவர் ஏமாறுவார். அல்லது அவருடைய மனைவி ஏமாறுவார்.

எளியவர்களுக்கு எதற்கு உயில், அரசர்களுக்கல்லவா வேண்டும் என்றும் சொல்வதுண்டு. ஹைதராபாத்தில் அரசரின் கதையும் கண்முன் இருக்கிறது. ஏழாம் நிஜாம் மீர் உஸ்மான் அலி கான் ஒரு காலத்தில் உலகின் மிகப்பெரும் செல்வராகப் பேசப்பட்டவர். 1948 செப்டம்பரில், ஹைதராபாத் இந்தியாவுடன் இணைந்த நாட்களில், லண்டன் வங்கியில் இருந்த சுமார் பத்து இலட்சம் பவுண்டு அங்கிருந்த பாகிஸ்தான் தூதரின் கணக்கிற்கு மாற்றப்பட்டது. அது யாருக்காக, எந்த நோக்கத்தில் என்ற வழக்கு நிஜாம் 1967-இல் மறைந்த பிறகும் தொடர்ந்தது. 2019 அக்டோபரில்தான் லண்டன் உயர்நீதிமன்றம் நிஜாமின் பேரர்களுக்கும் இந்தியாவிற்கும் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அதற்குள் தொகை வட்டியோடு மூன்றரைக் கோடி பவுண்டாகிவிட்டது. இது உயில் வழக்கு அன்று. எனினும் எண்ணம் இன்னதென்று வாய் திறந்து சொல்ல வேண்டியவர் இல்லாதபோது, எழுபது ஆண்டு பழைய காகிதங்களைப் பேசவைக்க எத்தனை வழக்கறிஞர்கள் தேவைப்பட்டார்கள்!

எழுதினால் மட்டும் போதுமா? அதற்கு நம் தமிழகத்தின் பச்சையப்ப முதலியார் விடை தருகிறார். 1754-இல் வறுமையில் பிறந்து, சென்னையில் துபாஷாகப் பெரும்பொருள் ஈட்டியவர் அவர். நாற்பது வயதில் நோயுற்று, 1794 மார்ச் 22-ஆம் நாள் உயில் எழுதினார். காசி முதல் குமரி வரை ஆலயங்களில் தர்மங்கள் நடக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். ஒன்பது நாட்களில், மார்ச் 31 அன்று, காலமானார். நம் நாட்டினர் எழுதிய பழைய உயில்களுள் அது பெயர்பெற்றது. ஆனால் என்ன நடந்தது? பொருள் இருந்தவர்களின் கையிலேயே இருந்தது, குடும்பத்தாரிடையே பூசல், வழக்கு, ஆண்டுகள் உருண்டன. சென்னை சுப்ரீம் கோர்ட் தலையிட்டு, 1832-இல் பிறந்த தீர்ப்பின் பின்னரே தர்மங்களுக்கு ஓர் ஒழுங்கு ஏற்பட்டது. ஆலயத் தர்மங்களுக்கு ஒதுக்கியது போக எஞ்சிய நிதியைக் கொண்டு, ஜார்ஜ் நார்ட்டன் முதலியோர் முயற்சியால், 1842-இல் ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. பின்னாளில் கணிதமேதை ராமானுஜனும் அறிஞர் அண்ணாவும் பயின்ற பச்சையப்பன் கல்லூரிக்கு அதுவே வித்து.

இந்த வரலாற்றைப் பச்சையப்பரின் வள்ளன்மைக்குச் சான்றாகவே நாம் சொல்லி வருகிறோம். அது சரியே. ஆனால் நடுவில் கழிந்த நாற்பத்தெட்டு ஆண்டுகளை ஏனோ தாண்டிச் சென்றுவிடுகிறோம். எழுதிய ஒன்பதாம் நாள் அவர் இல்லை. தம் எண்ணத்தை விளக்கவோ, பொறுப்பேற்றவர்களைச் சோதித்துப் பார்க்கவோ, தவறு கண்டால் மாற்றி எழுதவோ அவருக்கு அவகாசம் இருக்கவில்லை. உயிலை நோய்ப்படுக்கையில் எழுதுவதற்கும் உடல்நலத்தோடு இருக்கையில் எழுதுவதற்கும் உள்ள வேறுபாடு அதுதான். நிறைவேற்றுபவராக யாரை நியமிக்கிறோம் என்பது சொத்து யாருக்கு என்பதைப் போலவே முக்கியமானது. நம்மைவிட இளையவர், கணக்கில் நேர்மையானவர், அந்தப் பொறுப்பை ஏற்கச் சம்மதித்தவர் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

செய்முறை அச்சப்படத்தக்கதன்று. பதினெட்டு வயது நிறைந்த, தெளிந்த மனமுடைய எவரும் எழுதலாம். முத்திரைத்தாள் தேவையில்லை. எழுதியவர் கையொப்பமிடுவதைக் கண்ட இரு சாட்சிகள் அவர் முன்னிலையில் தாங்களும் கையொப்பமிட வேண்டும். சொத்துப் பெறுபவரைச் சாட்சியாக்காமல் இருப்பது விவேகம். பதிவு செய்வது கட்டாயமில்லை, ஆனால் நல்லது. பதிவு செய்த உயிலின் நகலை எழுதியவர் உயிரோடிருக்கும்வரை பிறர் பெற இயலாது என்பதால் இரகசியம் குலையும் என்ற பயமும் வேண்டாம். எத்தனை முறையும் மாற்றலாம், கடைசியாக எழுதியதே செல்லும். பூர்விகச் சொத்தில் தமக்குரிய பங்கை மட்டுமே எழுத முடியும். முஸ்லிம், கிறிஸ்தவ அன்பர்களுக்கு அவரவர்க்குரிய விதிகள் உண்டு. முஸ்லிம்கள் வாரிசுகளின் சம்மதமின்றி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயிலால் அளிக்க இயலாது. நல்ல வழக்கறிஞர் ஒருவரை ஒருமுறை பார்ப்பது இந்த இடத்தில் வீண்செலவு ஆகாது.

பாசத்தால் அவசரப்படும் பெற்றோருக்கு ஒன்று கூற வேண்டும். உயில் எழுதினால் வீடு உங்கள் இறுதி மூச்சு வரை உங்களுடையது. தானப் பத்திரமோ செட்டில்மெண்ட் பத்திரமோ எழுதிக் கொடுத்துவிட்டால் வீடு கைமாறிவிடுகிறது. கொடுத்தபின் திண்ணைக்குத் தள்ளப்பட்ட முதியவர்களைத் துறவிகளாகிய நாங்கள் அடிக்கடி காண்கிறோம். எங்களிடம்தானே வந்து அழுகிறார்கள். பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனை பத்திரத்தில் இருந்தால், 2007-ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டத்தின்படி அதை ரத்துசெய்யக் கோரலாம். ஆனால் தொண்டு கிழவருக்கு நீதிமன்றப் படி ஏறுவது எளிதா?

மடங்களுக்கும் தர்ம ஸ்தாபனங்களுக்கும் எழுதிவைப்பது பற்றி ஒரு துறவி பேசாமல் இருந்தால் ஐயம் எழும், ஆகவே பேசிவிடுகிறேன். எழுதலாம், பச்சையப்பர் எழுதினார், நாடு பயன்பெற்றது. ஆனால் மனைவிக்குக் கூரை, நோயுற்ற மகனுக்கு மருந்து, திருமணமாகாத சகோதரிக்கு வாழ்வு ஆகியவை உறுதியான பின்னரே. அவற்றை மறந்து தர்மத்திற்கு எழுதிய வீட்டில் எந்த மடம் விளக்கேற்றினாலும் அது வெளிச்சம் தராது. மகன் மதிக்கவில்லை என்ற கோபத்தில் எங்களுக்கு எழுதித்தர வருபவர்களும் உண்டு. கோபத்தைக் காணிக்கையாக வாங்கிக்கொள்ள எங்களுக்கு அதிகாரமில்லை. கோபம் தணிந்த பிறகு வாருங்கள் என்று சொல்லி அனுப்புவதே முறை.

தமிழில் எழுதலாமா என்று லாலாகுடாவில் ஒருவர் கேட்டார். எந்த மொழியிலும் எழுதலாம். ஆனால் அந்த மாவட்டத்தில் பொதுவாக வழங்காத மொழியில் எழுதிய பத்திரத்தைப் பதிவு செய்ய, அங்கே வழங்கும் மொழியில் சரியான மொழிபெயர்ப்பு இணைக்கப்பட வேண்டும். மொழிபெயர்ப்பையே பணியாகக் கொண்டவன் என்பதால் இதில் எனக்குச் சற்று அக்கறை அதிகம். என் பிள்ளைகளுக்கு என்று ஒருவர் எழுதுகிறார். தமிழில் பிள்ளை என்றால் மகன் மட்டுமா, மகளும் சேர்த்தா? தஞ்சைப் பக்கம் ஒரு பொருள், வீட்டுக்கு வீடு ஒரு பொருள்; தெலுங்கிலோ பிள்ள என்றால் பெண்பிள்ளையைக் குறிக்கவும் வழங்கும்! அம்மா இருக்கும்வரை வீட்டை அனுபவித்து வரட்டும் என்று எழுதினால், அவர் அதை விற்கலாமா கூடாதா? எழுதியவருக்குத் தெரியும், படிப்பவருக்குத் தெரியாது, கேட்க ஆள் இல்லை. ஆகவே மகன், மகள் என்று பெயரிட்டு, அவரவர் பங்கை எண்ணிலும் எழுத்திலும் குறித்து, வீட்டின் கதவு எண்ணையும் நாற்புற எல்லையையும் எழுதி, வாசிக்கத் தெரிந்த பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒருமுறை கொடுத்துப் பாருங்கள். அவருக்கு ஒரே பொருள் தோன்றினால் கையொப்பமிடலாம்.